சீனாவுல எந்த ஊரு? தத்துப் போன பிள்ளைங்களோட அடையாளக் கேள்வி

2021 ஜூலை 26, டோக்கியோ ஒலிம்பிக்ஸ், பொண்ணுங்களோட 100 மீட்டர் பட்டர்ஃப்ளை ஃபைனல். சுவரைத் தொட்டுட்டுத் திரும்புன கனடா வீராங்கனை மேகி மக்னீலுக்கு ஸ்கோர்போர்டு சரியாத் தெரியல, கிட்டப்பார்வை, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்குறாங்க, அப்புறம்தான் முதல் இடத்துல தன் பேரு இருக்குறது புரிஞ்சு வாயைப் பொத்திக்கிறாங்க. 55.59 செகண்ட். ரெண்டாவதா வந்தது சீனாவோட ஜாங் யூஃபெய், 55.64. தங்கம் வாங்குனவங்களும் சீனாவுல பொறந்தவங்கதான்ங்கிற விஷயம் கொஞ்ச நேரத்துல சீன சோஷியல் மீடியா முழுக்கப் பரவிருச்சு. ஜியாங்ஷி மாகாணத்துல ஜியூஜியாங்ங்கிற ஊர்ல 2000ல பொறந்து, கைக்குழந்தையா இருக்கும்போதே கனடாவுல ஒரு குடும்பத்துக்குத் தத்துப் போனவங்க. பத்திரிகைக்காரங்க அதைப் பத்திக் கேட்டப்ப அவங்க நிதானமா பதில் சொன்னாங்க: பொறந்தது சீனாவுல, ரொம்பச் சின்னதுலயே தத்து எடுத்துட்டாங்க, சீனாவோட எனக்கு இருக்குற தொடர்பு அவ்வளவுதான், நான் கனடாக்காரியாவே வளர்ந்தவ.

அந்தப் பதில்ல ஒரு தப்பும் இல்ல. தான் யாருன்னு சொல்ற உரிமை அவங்களுக்குத்தான் இருக்கு, கேள்வி கேட்டவங்களுக்கு இல்ல. ஆனா அதே மாகாணத்துல இருந்து அதே வருஷங்கள்ல இதே மாதிரி போன ஆயிரக்கணக்கான பொண்ணுங்க இருக்காங்க, அதுல நிறையப் பேருக்கு இந்தப் பதிலோட மனசு அடங்கல. அவங்க இருபது வயசுலயும் முப்பது வயசுலயும் என்ன தேடுறாங்க, ஏன் தேடுறாங்கன்னு புரிஞ்சுக்கணும்னா கதையை ஆரம்பத்துல இருந்து பாக்கணும்.

1992ல இருந்து 2024 வரைக்கும் சீனாவுல இருந்து வெளிநாட்டுக் குடும்பங்களுக்குத் தத்துப் போன பிள்ளைங்க 1,60,000க்கும் மேல. அதுல பாதிக்கு மேல, 82,000க்கும் அதிகமா, அமெரிக்காவுக்கு மட்டும். மத்தவங்க ஸ்பெயின், கனடா, நெதர்லாந்து, பிரான்ஸ், ஸ்வீடன், பிரிட்டன்னு பல நாட்டுக்குப் போனாங்க. 2005தான் உச்சம், அந்த ஒரு வருஷத்துல அமெரிக்காவுக்கு மட்டும் 7,900 பிள்ளைங்க. முதல் பதினஞ்சு வருஷத்துல போனவங்கள்ல பெரும்பாலும் பொண்ணுங்க, அப்புறம் போகப் போக உடல் குறையோட பொறந்த பிள்ளைங்க, ஆம்பளப் பிள்ளைங்களும் சேத்து, அதிகமானாங்க. 2024 செப்டம்பர்ல சீன வெளியுறவுத் துறை இதை நிறுத்திட்டோம்னு அறிவிச்சிருச்சு, நெருங்கின ரத்த சொந்தத்துல இருக்குற பிள்ளைகளையும் வாழ்க்கைத்துணையோட பிள்ளைகளையும் தவிர இனி வெளிநாட்டுக்காரங்க யாரும் அங்க தத்து எடுக்க முடியாது. ஆக இனிமே புதுசா யாரும் சேரப் போறதில்ல, இப்ப இருக்குறவங்கதான் மொத்தக் கணக்கும்.

ஒரு குழந்தைச் சட்டம் வந்துச்சு, பையன் வேணும்னு பொண்ணுங்களைத் தூக்கிப் போட்டுட்டாங்க, வெளிநாட்டுக்காரங்க எடுத்து வளர்த்தாங்கன்னு ஒத்த வரியில சொல்லிட்டுப் போயிடுறோம். அது பாதி உண்மைதான். சட்டம் வந்தது 1980 வாக்குல. கிராமத்துல பல மாகாணங்கள்ல முதல் குழந்தை பொண்ணா இருந்தா இன்னொன்னு பெத்துக்கலாம்னு விட்டுக் கொடுத்தாங்க, அதனாலதான் ரெண்டாவதும் பொண்ணாப் பொறந்தப்ப சிக்கல் வந்துச்சு. மீறினா வருஷ வருமானத்தைத் தாண்டுற அபராதம், கட்ட முடியலன்னா வீட்டுல இருக்குற சாமானைத் தூக்கிட்டுப் போறது, வீட்டையே இடிச்சுப் போடுறது, கட்டாயக் கருக்கலைப்பு, கட்டாயக் கருத்தடை ஆபரேஷன். பொண்ணு வேண்டாம்னு வெறுத்தவங்களும் இருந்தாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா பல வருஷம் கிராமம் கிராமமாப் போய் விசாரிச்ச ஆய்வாளர் கே ஆன் ஜான்சன் சொன்னது என்னன்னா, நிறைய குடும்பங்களுக்கு ஒரு பொண்ணும் ஒரு பையனும் வேணும்னுதான் ஆசை, பொறந்த பொண்ணை மாமன் வீட்டுலயோ பக்கத்து ஊர்லயோ ஒளிச்சு வளர்க்கத்தான் முதல்ல வழி தேடியிருக்காங்க.

அந்த வழியையும் சட்டம் அடைச்சிருச்சுங்கிறதுதான் நிறையப் பேருக்குத் தெரியாத பகுதி. 1991 டிசம்பர்ல போட்டு 1992 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்த சீனத் தத்துச் சட்டப்படி தத்து எடுக்குறவங்களுக்கு 35 வயசு ஆகியிருக்கணும், சொந்தப் பிள்ளை இருக்கக் கூடாது. ஏற்கனவே ஒரு பையன் இருக்குற சித்தி வீடு, பக்கத்து வீடு, பொண்ணு மேல ஆசையா இருந்தாலும் எடுத்து வளர்க்க முடியாது, வளர்த்தா அந்தப் பிள்ளைக்கு குடும்பப் பதிவு கிடைக்காது, பதிவு இல்லன்னா பள்ளிக்கூடம் சேர்க்குறதுல இருந்து எல்லாமே திண்டாட்டம். 1999லதான் வயசை 30ஆ குறைச்சு, காப்பகத்துப் பிள்ளைங்க விஷயத்துல விதியைத் தளர்த்தினாங்க. ஆனா வெளிநாட்டுக்காரங்க வந்து தத்து எடுக்கலாம்னு வாசலைத் திறந்து விட்டதும் அதே 1991 சட்டம்தான். ஒவ்வொரு குடும்பமும் காப்பகத்துக்கு 3,000 டாலர் நன்கொடை கட்டணும், பின்னாடி அது இன்னும் ஏறுச்சு. அந்தக் காலத்துச் சீனக் கிராமத்துல அது எவ்வளவு பெரிய காசுன்னு நினைச்சுப் பாருங்க, இதைப் பத்தி பின்னாடி வரேன்.

நம்ம ஊர்லயும் அதே 1992லதான் சேலத்துல தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிச்சாங்க, பெண் சிசுக்கொலையைத் தடுக்க. யாரு பெத்ததுன்னு கேக்க மாட்டோம், தொட்டில்ல போட்டுட்டுப் போங்கன்னு சொன்னாங்க. சீனாவுல அப்படிச் சொல்லிட்டு வைக்க வழி இல்ல, குழந்தையை விட்டுட்டுப் போறது குற்றம், மாட்டினா தண்டனை. அதனால விடிகாலைல காப்பக கேட் முன்னாடி, மார்க்கெட் வாசல்ல, ரயில்வே ஸ்டேஷன்ல, போலீஸ் ஸ்டேஷன் படிக்கட்டுல, யாராவது சீக்கிரம் பாத்து எடுப்பாங்கன்னு தெரிஞ்ச இடமாப் பாத்து வச்சுட்டு, மறைவுல நின்னு எடுத்துட்டுப் போற வரைக்கும் பாத்துட்டுப் போனவங்க நிறையப் பேரு. துணிக்குள்ள ஒரு சிவப்புக் காகிதம், அதுல பொறந்த தேதி, நேரம். நம்ம வீட்டுல ஜாதகத்துக்கு எழுதி வைக்கிற மாதிரியேதான் அங்கயும், பொறந்த நேரம் தெரியாத பிள்ளைக்கு நாளைக்கு யாரு பொருத்தம் பாப்பாங்கன்னு ஒரு கவலை அதுல இருக்கு. வேண்டாம்னு போட்டவங்க அதை எழுத மாட்டாங்க.

இந்தப் பிள்ளைங்க கையில இருக்குற ஃபைலை இப்பப் பாருங்க. கண்டெடுத்த இடம், கண்டெடுத்த தேதி, பெத்தவங்க தெரியலன்னு ஒரு சான்றிதழ், மாகாணப் பேப்பர்ல பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோவோட யாராவது உரிமை கோருறாங்களான்னு கேட்டுப் போட்ட ஒரு குட்டி விளம்பரம். நிறையப் பேருக்குக் குழந்தையா இருந்தப்ப எடுத்த முதல் ஃபோட்டோவே அந்த விளம்பரத்துல இருக்குறதுதான். பிறந்தநாள் பல சமயம் காப்பகத்துக்காரங்க தொப்புள்கொடியைப் பாத்து உத்தேசமா போட்டது. குடும்பப் பேரும் அப்படியே, அந்த வருஷம் வந்த எல்லாருக்கும் ஒரே பேரு, ஊர் பேர்ல இருந்து ஒரு எழுத்து எடுத்து வைப்பாங்க, ஷாவ்யாங் காப்பகத்துப் பிள்ளைங்களுக்கு ஷாவ்னு வச்சாங்க, சில இடத்துல கட்சின்னு அர்த்தம் வர்ற தாங்ங்கிற பேரு. நாம பேரு வைக்கிறதுக்குத் தாத்தா பேரா பாட்டி பேரா குலசாமி பேரான்னு வீட்டுல சண்டையே போடுவோம், அங்க ஒரு கிளார்க் பேனாவுல முடிஞ்சு போச்சு. அமெரிக்கா போனதும் அந்தப் பேரை நடுப்பேரா வச்சுக்கிறாங்க, இது என் சீனப் பேருன்னு பெருமையா வளர்ற பிள்ளைக்குப் பதினாறு வயசுல அது ஒரு பேட்ச் நம்பர் மாதிரின்னு தெரிய வரும்போது எப்படி இருக்கும்.

அமெரிக்கக் குடும்பங்க எல்லாம் கடைசியா வந்து சேர்ந்த இடம் குவாங்ஜோ. தத்துப் பிள்ளைங்களுக்கு விசா கொடுத்த அமெரிக்கத் தூதரக அலுவலகம் பல வருஷம் அங்கதான் இருந்துச்சு, ஷாமியன் தீவுல, ஒயிட் ஸ்வான் ஹோட்டலை ஒட்டி. அப்பல்லாம் அந்த ஹோட்டல் லாபி முழுக்க வெள்ளைக்கார அப்பா அம்மா, கையில சீனக் குழந்தை. அங்க தங்குன குடும்பங்களுக்கு மேட்டல் கம்பெனி ஒரு பார்பி பொம்மை கொடுத்துச்சு, கோயிங் ஹோம் பார்பின்னு பேரு, பொன்னிறத் தலைமுடி பார்பி இடுப்புல ஒரு சீனக் குழந்தையை வச்சிருக்கும். அன்போட கொடுத்ததுதான், ஆனா அந்தப் பொம்மையில ஒரு அம்மாதான் இருக்கா. வீட்டுக்குப் போறதுன்னா எந்த வீட்டுக்குன்னு அந்தக் குழந்தை பெருசாகித்தான் கேக்க முடியும்.

வளர்த்தவங்க அக்கறை இல்லாம வளர்க்கல, அதைக் கட்டாயம் சொல்லணும். 1950கள்ல இருந்து கொரியாவுல இருந்து போன பிள்ளைங்களை, நீ அமெரிக்கன், அவ்வளவுதான், பழசைப் பேசாதேன்னு வளர்த்தாங்க. அவங்க பெரியவங்களாகி எழுதுனதும் பேசுனதும் எல்லாரையும் உலுக்குச்சு. சீனப் பிள்ளைங்களை எடுத்த தலைமுறை அதைக் கேட்டுட்டு வேற மாதிரி செஞ்சாங்க. சனிக்கிழமை மாண்டரின் கிளாஸ், சீனப் புத்தாண்டு, நிலாத் திருவிழா, பட்டு கவுன், விசிறி டான்ஸ், பாண்டா பொம்மை, பத்து வயசுல ஒரு தடவை சீனா டூர், பெய்ஜிங்ல பெருஞ்சுவர், ஷியான்ல களிமண் வீரர்கள். தத்து எடுத்த குடும்பங்க சேர்ந்து சங்கம் வச்சு வருஷா வருஷம் பிக்னிக் போனாங்க. தத்து எடுத்த நாளைப் பிறந்தநாள் மாதிரி கேக் வெட்டிக் கொண்டாடுற பழக்கமும் வந்துச்சு, காட்சா டேன்னு. அந்தக் குழந்தை அதுவரைக்கும் தூக்கி வளர்த்த காப்பகத்து ஆயாகிட்ட இருந்து பிரிஞ்சு கதறி அழுத நாளும் அதேதான்னு இப்ப பெரியவங்களானவங்க சொல்றாங்க, நிறைய குடும்பம் அந்தக் கொண்டாட்டத்தை விட்டுட்டாங்க.

என் மனசுல உறுத்துறது வேற ஒன்னு. இந்தப் பிள்ளைங்களுக்குக் கொடுத்தது எந்தச் சீனா? உசிலம்பட்டில பொறந்து ஸ்வீடனுக்குத் தத்துப் போன ஒரு பொண்ணுக்கு இந்தியக் கலாச்சாரம்னு இந்தி சொல்லிக் கொடுத்து, தாஜ்மஹால் காட்டி, ஹோலி கொண்டாட வச்சா எப்படி இருக்கும்? எல்லாம் இந்தியாதான், ஆனா அவ அம்மா பேசின பேச்சு அதுல ஒரு வார்த்தைகூட இல்ல, அவ ஊர்ச் சாமி இல்ல, அவ வீட்டுச் சோறு இல்ல. அதேதான் இங்கயும். தத்துப் போன பிள்ளைங்கள்ல பெரும் பங்கு ஜியாங்ஷி, ஹூனான், குவாங்டோங், குவாங்ஷி, அன்ஹுய் மாதிரி தெற்கு, நடு மாகாணங்கள்ல கிராமத்துப் பிள்ளைங்க. ஜியாங்ஷில வீட்டுல பேசுறது கான் பேச்சு, ஹூனான்ல ஷியாங், ரெண்டும் மாண்டரின்காரங்களுக்குப் புரியாது. ஹூனான்காரங்க சாப்பாட்டுல காரம் நம்ம ஊர்க் காரத்துக்கு சளைச்சதில்ல. பெருஞ்சுவருக்கும் அந்த வயல்வெளிக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல தூரம். கலாச்சாரம்ங்கிறது ஆளுங்க வழியா வர்றது, ஒரு பாட்டி திட்டுற திட்டுல, அத்தை பரிமாறுற கையில வர்றது, அதைப் பொருளா வாங்கி அலமாரில வச்சா தொட்டுப் பாக்கலாம், உள்ள போக முடியாது.

சின்ன வயசுல இது பெருசாத் தெரியாது. ஹைஸ்கூல் போனதும்தான் வீட்டுக்குள்ள ஒன்னு, வெளிய ஒன்னுன்னு தெரிய ஆரம்பிக்குது. ரிச்சர்ட் லீங்கிற உளவியலாளர் 2003ல இதை ஒரு முரண்பாடுன்னே எழுதினாரு: வேற இனத்துக் குடும்பத்துல வளர்ற பிள்ளை வெள்ளைக்காரங்களோட எல்லாச் சலுகையையும் அப்பா அம்மா நிழல்ல அனுபவிக்குது, ஆனா அந்த நிழலை விட்டு வெளிய வந்ததும் ஊர் அதைச் சிறுபான்மையா மட்டும்தான் பாக்குது. அப்பா அம்மா கூட இல்லாம தனியா காலேஜ் போற முதல் நாள், குடும்பப் பேரைப் பாத்து வெள்ளைக்காரப் பொண்ணுன்னு எதிர்பார்த்தவங்க முகத்துல ஒரு தடுமாற்றம். இந்தப் பக்கம் சீன ரெஸ்டாரண்ட்ல சர்வர் அக்கா சீனத்துல ஆர்டர் கேக்க, பதில் சொல்லத் தெரியாம தலை குனியணும். கோவிட் வந்தப்ப இது உச்சத்துக்குப் போச்சு, சீனாவுக்கே திரும்பிப் போன்னு ரோட்டுல கத்தினவன் இந்தப் பொண்ணு விஸ்கான்சின்ல ஒரு பால்பண்ணை வீட்டுல வளர்ந்தவளான்னு கேட்டுட்டா கத்தினான். 2021 மார்ச்ல அட்லாண்டா மசாஜ் பார்லர்கள்ல எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்னதுல ஆறு பேர் ஆசியப் பெண்கள். 2017 ஜிம்னாஸ்டிக்ஸ் உலகச் சாம்பியன் மார்கன் ஹர்ட், குவாங்ஷில வூஜோ ஊர்ல பொறந்து தத்துப் போனவங்க, அந்த நேரத்துல இதை எதிர்த்து வெளிப்படையாப் பேசினாங்க. நிறம் பாக்காம வளர்த்தோம்னு நல்ல மனசோட சொன்ன அப்பா அம்மாக்களுக்கு, தெருவுல பாக்குறாங்களே, அதுக்கு எங்களை ஏன் தயார் பண்ணலன்னு பிள்ளைங்க கேட்டப்ப பதில் இல்ல.

பாஸ்போர்ட் விஷயத்தையும் சொல்லிடுறேன். 2001 பிப்ரவரில இருந்து அமெரிக்காவுல தத்துப் பிள்ளைங்களுக்குத் தானாவே குடியுரிமை கிடைக்குது, நல்லது. ஆனா சீனா ரெட்டைக் குடியுரிமை ஒத்துக்காது. பொறந்த ஊரைப் பாக்க வெளிநாட்டு டூரிஸ்டாத்தான் போகணும்.

இதுக்கு நடுவுல, கதையோட அடித்தளமே ஆட்டம் கண்டுச்சு. உன்னைப் பெத்தவங்க உன்னை நேசிச்சாங்க, ஆனா வளர்க்க முடியல, அதனால விட்டுட்டாங்கன்னு சொல்லித்தான் எல்லாரையும் வளர்த்தாங்க. 2005 கடைசில ஹூனான்ல ஹெங்யாங் பகுதிக் காப்பகங்க காசு கொடுத்துக் குழந்தைங்களை வாங்கிட்டு, கண்டெடுத்ததா பேப்பர் தயார் பண்ணினது வெளிய வந்துச்சு, 2006ல பத்துப் பேருக்குத் தண்டனை. 2011ல காய்ஷின் குழுமத்தோட பத்திரிகை இன்னும் பயங்கரமான ஒன்னை எழுதுச்சு: அதே மாகாணத்துல லாங்ஹுய் வட்டாரத்துல குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரிங்களே அபராதம் கட்டலன்னு வீடு புகுந்து குழந்தைங்களைத் தூக்கிட்டுப் போய் ஷாவ்யாங் காப்பகத்துல ஒப்படைச்சிருக்காங்க, அங்க இருந்து ஷாவ்ங்கிற பேரோட வெளிநாட்டுக்கு. அந்த 3,000 டாலர் எங்க போய் என்ன செஞ்சுதுன்னு இப்பப் புரியும். எல்லாக் காப்பகமும் இப்படின்னு சொல்ல முடியாது, நிஜமாவே கேட்ல விட்டுட்டுப் போன பிள்ளைங்களும் ஏராளம். ஆனா தன் ஃபைல்ல எழுதியிருக்குறது எதுன்னு பிரிச்சுப் பாக்க அந்தப் பொண்ணுக்கு வழியே இல்லையே. கைவிடப்பட்டவங்கிற வார்த்தையைச் சுமந்து இருபது வருஷம் வளர்ந்தவ, ஒருவேளை என்னை யாரோ பறிச்சிருக்கலாம், எங்கயோ ஒரு அம்மா இன்னும் அழுதுட்டு இருக்கலாம்னு நினைக்க ஆரம்பிச்சா அவளால அடையாளத்தை விசிறி டான்ஸ்ல தேட முடியாது. அவளுக்கு உண்மை வேணும்.

இங்க தமிழங்களுக்கு நேராவே சம்பந்தப்பட்ட ஒரு கிளை இருக்கு. மலாயாவுலயும் சிங்கப்பூர்லயும் போருக்கு முன்னயும் பின்னயும், 1950, 60கள் வரைக்குமே, சீனக் குடும்பங்க பெண் குழந்தைங்களைத் தமிழ்க் குடும்பங்களுக்கும் மலாய்க் குடும்பங்களுக்கும் கொடுத்திருக்காங்க. வறுமை, ஜப்பான்காரன் காலத்துப் பயம், பையன் ஆசை, புலி வருஷத்துல பொறந்த பொண்ணு குடும்பத்துக்கு ஆகாதுன்னு ஒரு நம்பிக்கை. பிள்ளை இல்லாத தமிழ்க் குடும்பங்க ஆசையா எடுத்து வளர்த்தாங்க. லட்சுமி, சரஸ்வதின்னு பேரு வச்சு, பூ முடிச்சு, பொட்டு வச்சு, தைப்பூசத்துக்குக் கூட்டிட்டுப் போய், தமிழ்ப் பையனுக்கே கட்டி வச்சு, இன்னைக்கு அவங்க பேரப்பிள்ளைங்க தமிழ்க் குடும்பங்க. அவங்களுக்கு யாரும் சீனக் கிளாஸ் எடுக்கல. ஆனா சீனம் அங்க அந்நியமா இல்ல, எதிர்த்த கடை, பக்கத்து லைன் எல்லாம் சீனங்க, சிலருக்குப் பெத்த வீடு எந்தத் தெருன்னுகூடத் தெரியும். அதுக்காக அவங்க மனசுல கேள்வியே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், முகத்தைப் பாத்துட்டு நீ எப்படி இவ்வளவு நல்லாத் தமிழ் பேசுறன்னு வாழ்நாள் முழுக்கக் கேட்டிருப்பாங்க. ஆனா ஒரு மொழிக்குள்ள முழுசா, சொந்தபந்தத்தோட, அத்தை மாமன் முறையோட வளர்ந்தாங்க, முறை சொல்லிக் கூப்பிட நாப்பது பேர் இருந்தாங்க. அமெரிக்கக் கிராமத்துல ஒரே ஆசிய முகமா வளர்ந்த பிள்ளைக்குக் கிடைக்காதது அதுதான்.

அதனால இப்ப அந்தப் பிள்ளைங்க தங்களுக்குத் தாங்களே சொந்தபந்தம் ஆகிட்டாங்க. 2011ல தத்துப் போன பொண்ணுங்களே சேர்ந்து சைனாஸ் சில்ட்ரன் இன்டர்நேஷனல்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, வளர்த்தவங்க நடத்துற சங்கம் இல்ல, வளர்ந்தவங்க நடத்துறது. அமெரிக்கா, ஸ்பெயின், நெதர்லாந்துன்னு எங்க வளர்ந்திருந்தாலும் ஒரே காப்பகத்துப் பிள்ளைங்க ஃபேஸ்புக்ல ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிச்சு, கட்டில் பக்கத்துல கட்டிலா இருந்தவங்க சந்திக்கிறாங்க. டிஎன்ஏ டெஸ்ட் போட்டு, ஒரே வீட்டுல பொறந்த அக்கா தங்கச்சி வேற வேற நாட்டுல இருக்குறது தெரிய வருது. பெத்தவங்களைக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம், அவங்க டிஎன்ஏ அமெரிக்கக் கம்பெனி டேட்டாபேஸ்ல இருக்காதே, அதுக்கு ஊருக்குத்தான் போகணும்.

சூஜோ மார்க்கெட்ல 1995ல விடப்பட்ட ஒரு குழந்தையோட துணியில அப்பா பிரஷ்ஷால எழுதின கடிதம் இருந்துச்சு: பத்து வருஷம் இல்ல இருபது வருஷம் கழிச்சு, சீசி நாள் காலைல, ஹாங்ஜோ மேற்கு ஏரி உடைஞ்ச பாலத்துல சந்திப்போம்னு. சீசின்னா பிரிஞ்ச காதலர்கள் வருஷத்துல ஒரு நாள் சேர்ற நாளுன்னு சீனர்கள் கொண்டாடுறது. பெத்தவங்க 2005ல போய் காத்து நின்னாங்க. மிச்சிகன்ல வளர்ந்த அந்தப் பொண்ணுக்கு இது எதுவும் இருபது வயசு வரைக்கும் தெரியாது. 2017ல அதே பாலத்துல சந்திச்சாங்க. அம்மா கட்டிப் பிடிச்சு அழுறாங்க, மகளுக்கு ஒரு வார்த்தை புரியல, நடுவுல ஒருத்தர் மொழிபெயர்க்கணும். சந்திச்சதோட எல்லாம் சரியாயிரும்னு எதிர்பார்க்குறது நியாயமில்ல, இருபது வருஷம் பேசாத பேச்சு அது.

அதனாலதான் இப்ப இருபத்தஞ்சு வயசுல மாண்டரின் கத்துக்கிட்டு, போஸ்டர் அடிச்சுக்கிட்டு ஜியாங்ஷிக்கும் ஹூனானுக்கும் போறாங்க. போஸ்டர்ல குழந்தை ஃபோட்டோ ஒன்னு, இப்ப எடுத்த ஃபோட்டோ ஒன்னு, கண்டெடுத்த கேட் பேரு, தேதி. மார்க்கெட்ல நின்னா கொஞ்ச நேரத்துல கூட்டம் கூடிரும், காய்கறிக்காரம்மாக்கள் வந்து காதை, தாடையைப் பாத்து இந்த வீட்டுச் சாயல், அந்த வீட்டுச் சாயல்ங்குறாங்க. விடிகாலைல தூக்கிட்டுப் போய் வச்சது பல வீட்டுல பாட்டிதான், அவங்களுக்கு இப்ப எண்பது தாண்டிருச்சு, ஒவ்வொரு வருஷமும் ஒரு சாட்சி குறையுது. எந்த மாசம், எந்த கேட், என்ன துணி சுத்தியிருந்துச்சுன்னு அந்தக் கிழவி கான் பேச்சுல கேக்குறா, இந்தப் பொண்ணு மாண்டரின்ல தடுமாறுறா, பக்கத்துல நிக்கிற ஸ்கூல் பையன் ஒருத்தன் ரெண்டு பேருக்கும் மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டு இருக்கான்.